புதுப்பிப்பு: ஊபர் ஆட்குறைப்பு 3,700 பேரோடு நிற்கவில்லை

2020 மே முதல் வாரம் போட்ட இழையில், கொரோனா முடக்கத்தால் ஊபர் 3,700 பேரை வேலையைவிட்டு அனுப்புகிறது, இதோடு முடிந்துவிடும் என்று எழுதியிருந்தேன். தப்புக் கணக்கு. மே 18 அன்று இன்னொரு 3,000 பேர் என்று அறிவித்துவிட்டார்கள். முதல் சுற்றில் சுமார் 3,500 பேருக்குச் செய்தி போனது ஜூம் அழைப்பில். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. இன்றே உங்கள் கடைசி நாள், அவ்வளவுதான். டீ ஆறுவதற்கே அதைவிட நேரமாகும்.

அதே மாதக் கடைசியில் இந்தியாவிலும் 600 பேர், இங்குள்ள ஊழியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர். குறைந்தது 10 வாரச் சம்பளம், ஆறு மாத மருத்துவக் காப்பீடு, மடிக்கணினியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஓலா சில நாள் முன்பே 1,400 பேரைக் குறைத்தது. இரண்டு மாதத்தில் வருமானம் 95% சரிந்ததாம்.

சரி, பலர் கேட்டது: டிரைவர்கள் இந்தக் கணக்கில் வருவார்களா? வர மாட்டார்கள். நிறுவனத்தின் பார்வையில் அவர்கள் ஊழியர்களே இல்லை, "பார்ட்னர்கள்". எனவே பணிநீக்கக் கடிதமும் இல்லை, 10 வாரச் சம்பளமும் இல்லை. அவர்களுடைய கார் கடன் தவணையை 2020 ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அப்போது வழிவிட்டது. வட்டி மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.