மும்மொழிப் படிவமும் எழுத்துருவும்: பட்ட பாடுகள்

நான் வவுனியாவில் தட்டச்சு வேலை செய்கிறேன். இங்கே விண்ணப்பப் படிவம் என்றாலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே தாளில் வரவேண்டும். பல வருடங்களாகத் தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்எம் அபய என்ற எழுத்துருக்களில்தான் அடித்துவந்தேன். இரண்டுமே யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் நம்முடைய எழுத்துகளை வரைந்து வைத்தவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

ஒருமுறை 40 பக்கக் கையேடு ஒன்றை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். வாங்கியவர் தொலைபேசியில், "அக்கா, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக் கிடக்கு, ஒண்டும் விளங்கேல்லை" என்றார். அன்றைக்கே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் முழுக் கோப்பையும் போட்டது என் பிழை. ஆங்கிலப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாமே தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டன. எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. அது எழுத்துருவுக்கு மட்டுமே தெரியும். பிறகு வேர்டின் தேடல் பெட்டியில் சொல் எதுவும் கொடுக்காமல், பாமினி எழுத்துருவை மட்டும் தேடச் சொல்லி, கிடைத்ததையெல்லாம் சிவப்பாக்கினேன். சிவப்பை மட்டும் மாற்றினேன். இரண்டு நாள் பிடித்தது, ஆனால் ஒரு முகவரிகூடச் சிதையவில்லை.

யூனிகோடுக்கு வந்த பின்னும் ஒரு சிக்கல் இருந்தது. வேர்ட் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும், அது 'சிக்கலான எழுத்துமுறை' என்று வகுத்திருப்பவற்றுக்கு இன்னொன்றும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. தமிழும் சிங்களமும் இரண்டாவது வகையில் ஒன்றாக விழுகின்றன. அங்கே லதா என்ற தமிழ் எழுத்துருவைப் போட்டால் அதில் சிங்களம் இல்லை. வேர்ட் வேறு எதையோ எடுத்துக்கொள்ளும், வரிகளின் உயரம் ஏறி இறங்கும். சிங்களத்துக்காக இஸ்கோல பொத்தவைப் போட்டால் தமிழுக்கு அதே கதி. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐயில் இரண்டு மொழியும் இருக்கின்றன. இப்போது அந்த இடத்தில் அதுதான்.

அப்புறம், மேலே உள்ள எழுத்துருப் பெட்டியை நான் தொடுவதே இல்லை. மொழிக்கு ஒரு பாணி (ஸ்டைல்), அதாவது எழுத்துரு, அளவு, மொழி எல்லாம் சேர்த்துச் சேமித்த அமைப்பு, வைத்திருக்கிறேன். கண்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் அளவையும் தனித்தனியே கொடுக்கலாம். என் கண்ணுக்கு ஆங்கிலம் 12, தமிழ் 11 தான் ஒத்துப்போகிறது. அந்தப் பெட்டியில் சிக்கலான எழுத்துமுறைக்கான பகுதி தென்படாவிட்டால் ஆபிஸ் அமைப்பில் தமிழை எழுதும் மொழியாகச் சேர்த்துப் பாருங்கள். பாணியிலேயே மொழியையும் குறித்துவிட்டால், தமிழை ஆங்கிலமென்று நினைத்துச் சிவப்புக் கோடு போடுவதும் நிற்கும்.

* * *

அக்கா, மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். பாமினிக் கோப்புகளை மாற்றுமுன் இன்னொன்றையும் பாருங்கள். வசனத்தின் முதலெழுத்தை வேர்ட் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. 'அவர்' என்று தொடங்கிய வசனங்கள் என் கோப்பில் 'ஆவர்' என்று மாறியிருந்தன. மாற்றி அதை அப்படியே யூனிகோடாக்கித் தந்துவிடும், வேர்ட் முதலெழுத்தை மாற்றியதால் வந்த பிழை என்று யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

* * *

மதுரையிலிருந்து. லிப்ரே ஆபிஸிலும் இதே கதைதான். மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறை என்ற பெட்டியை டிக் செய்தால்தான் தமிழுக்குத் தனி எழுத்துரு கேட்கும். நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து கேள்வித்தாள் அடிக்கிறேன். வரி இடைவெளியைத் துல்லியமான அளவாக வைத்த பிறகுதான் வரிகள் சமமாக நின்றன. ரொம்பக் குறைத்துவிடாதீர்கள், 'கி' போன்ற எழுத்துகளின் மேலே வரும் மேல்விலங்கு வெட்டுப்படும்.

* * *

மட்டக்களப்புத் தம்பி சொன்னதைப் படித்தவுடன் அந்தக் கையேட்டைத் திறந்து தேடினேன். இரண்டு இடத்தில் 'ஆவர்' இருக்கிறது. திருத்தி, இந்தமுறை எழுத்துருவையும் கோப்போடு சேர்த்துச் சேமித்து, இன்றைக்கே அனுப்புகிறேன்.