பெயிண்ட்பால் தொடர்களில் எது சீராக நடத்தப்பட்டது? எதை அளவுகோலாகக் கொள்வது?

மூலைப்பங்கர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூரில் ஐவர் அணிகளுக்கான சிறிய பெயிண்ட்பால் (சாயக் குண்டால் சுட்டு எதிரணியினரை வெளியேற்றும் ஆட்டம்) கோப்பை ஒன்றை நாங்கள் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். இதுவரை எட்டுப் பத்து அணிகள்தான் வரும். ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்த முறை இருபது அணிகளை அழைப்பது என்று முடிவானதிலிருந்து குழுவுக்குள் வாதம் ஓயவில்லை. அமெரிக்காவின் என்எக்ஸ்எல் தொடர் நடக்கும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். பழைய என்பிபிஎல் தொடரின் எழுவர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள் இருவர், ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு, இப்போது இருப்பதெல்லாம் ஒளிபரப்புக்காகச் செய்யும் அலங்காரம் என்கிறார்கள். ஐரோப்பாவில் மில்லேனியம் தொடரில் ஆடிவிட்டு வந்த நண்பர் ஒருவர் இந்த இரு தரப்பையுமே ஏற்பதில்லை.

பரிசுத் தொகை, மேடை, விளம்பரதாரர் கூடாரங்கள் ஆகியவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், இந்தத் தொடர்களில் எது சீராக நடத்தப்பட்டது? அதை எதைக் கொண்டு அளப்பது? ஆடியவர்களும் நடுவர்களாக நின்றவர்களும் சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய ஆட்டோகாக்கர்:

உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த தொடரின் பெயரைச் சொல்லி வாதிடுவதால்தான் முடிவு கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு போட்டி எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்பதில் பாதி, அது எந்த ஆட்ட முறையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அமெரிக்காவில் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒரு காலத்தில் கிடைத்தது. 2002ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு என்பிபிஎல்லும் பிஎஸ்பி என்ற மற்றொரு தொடரும் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிந்தன. முன்னது எழுவர் ஆட்டத்தையும் பின்னது எக்ஸ்பால் முறையையும் எடுத்துக்கொண்டன. சான் டியேகோ டைனஸ்டி போன்ற அணிகள் இரண்டிலுமே ஆடியதால், அணியின் தரம் வேறு, நடத்தும் தரம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

எழுவர் ஆட்டத்தின் பலம் அதன் கால அட்டவணை. ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் ஏழு நிமிடம். அது முடிந்ததும் இரு அணிகளும் வெளியேற, அடுத்த இரண்டு அணிகள் களத்துக்குள் வரும். எனவே காலையில் ஒட்டிய அட்டவணை மாலை வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஓர் அணி பல எதிரணிகளைச் சந்திக்கவும் முடியும். ஆனால் மதிப்பெண் முறைதான் தலைவலி. கொடியை முதலில் எடுத்தால் 22, எதிரணித் தளத்தில் தொங்கவிட்டால் 50, வெளியேற்றிய ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 3, தம் பக்கத்தில் உயிரோடு நின்ற ஒவ்வொருவருக்கும் 1 என்று கூட்டி, முழு வெற்றிக்கு 100. அடுத்த சுற்றுக்கு யார் போவது என்பது பல நேரங்களில் இந்த ஒன்றிலும் மூன்றிலும்தான் தீர்மானமாகும். கொடி தொங்கிய கணத்தில் மூலையில் படுத்திருந்தவர் உயிரோடு இருந்தாரா, அடிபட்டிருந்தாரா என்று மதிப்பெண் தாளில் கையெழுத்திட மறுத்து நிற்கும் அணித் தலைவரை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் பின்னால் அடுத்த ஆட்டத்துக்கான அணி துப்பாக்கித் தொட்டிகளில் காற்றை நிரப்பிக்கொண்டு வெயிலில் காத்திருக்கும்.

எக்ஸ்பாலில் அந்தச் சண்டை கிடையாது. எதிரணித் தளத்தை எட்டினால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதே இரு அணிகள் மறுபடி மறுபடி மோதும். குறிப்பிட்ட புள்ளியை முதலில் தொடுபவர் வெற்றி பெறுவார். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் புரியும். ஆனால் ஓர் ஆட்டம் நான்குக்குச் சுழியம் என்று சட்டென முடியும், அடுத்தது மூன்றுக்கு மூன்று என்று இழுத்துக் கூடுதல் நேரத்துக்குப் போகும். இதைத் தாங்கும்படி அட்டவணை போடத் தெரியாதவர்கள் நடத்தினால், மாலை நான்கு மணி ஆட்டம் ஆறரைக்குத்தான் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும் விட, எந்தத் தொடரின் நிர்வாகம் தெளிவாக யோசித்தது என்று எனக்குக் காட்டியது மார்க்கர், அதாவது குண்டு சுடும் துப்பாக்கி, பற்றிய விதிதான். மின்னணு மார்க்கர்கள் வந்தபின், ஒரு விசையழுத்தலுக்கு ஒரு குண்டு என்ற விதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. மார்க்கரின் மின்சுற்றுப்பலகைக்குள் ஒளித்து வைத்த நிரலைக் களத்தில் நிற்கும் நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? என்பிபிஎல் அந்த விதியை விடாப்பிடியாக வைத்துக்கொண்டு, நடுவர்களை ஏறத்தாழ ஊகத்தின் பேரில் தண்டனை கொடுக்க வைத்தது. பிஎஸ்பியோ, சரி, ரேம்பிங் (விசையை அழுத்தும் எண்ணிக்கையை விட அதிகமான குண்டுகளை மார்க்கரே சுடுவது) இருக்கட்டும், ஆனால் நொடிக்கு இத்தனை குண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பை வைத்தது. முதலில் 15 ஆக இருந்த வரம்பு படிப்படியாக இறங்கி, என்எக்ஸ்எல் காலத்தில் பத்தை ஒட்டி வந்துவிட்டது. சுடும் ஒலியைக் கேட்டுக் கணக்கிடும் சிறு கருவியைக் கையில் வைத்திருந்தாலே மீறலை அளந்து சொல்லிவிடலாம், வாதத்துக்கு இடமில்லை. வேட்டைத் துப்பாக்கியைப் போல ஒவ்வொரு குண்டாகச் சுட்ட தலைமுறையைச் சேர்ந்த எனக்கு ரேம்பிங் பிடிக்கவே பிடிக்காது. இருந்தாலும் நடத்துபவர் கண்ணோட்டத்தில் அதுவே சரியான முடிவு.

ஹண்டிங்டன் பீச் கடற்கரையில் மணலின் மேல் காற்றடைத்த பங்கர்களை (ஆட்டக்காரர்கள் மறைந்து நிற்கும் தடுப்புகளை) நிறுத்தி என்பிபிஎல் நடத்திய போட்டிகளின் அழகை எந்தத் தொடரும் எட்டியதில்லை என்பதையும் மறுக்க மாட்டேன். உங்கள் மூத்தவர்கள் நினைவில் நிற்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகு நிர்வாகத்தைக் காப்பாற்றவில்லை: 2008 பருவத்துக்குப் பின் அந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் சரிந்தது, பெயரை மட்டும் வேறு கைகள் எடுத்துச் சில ஆண்டுகள் ஓட்டின. பிஎஸ்பியும் 2014ஓடு நின்றுவிட்டது என்றாலும், அதன் ஆட்ட முறையையும் விதிகளையும் 2015 முதல் என்எக்ஸ்எல் தொடர்ந்து கொண்டுசெல்ல முடிந்தது.

வரிச்சட்டை:

முன்னவர் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடுவராக நின்றவன் என்ற முறையில் என் அளவுகோல் வேறு: ஒரே தவற்றுக்கு முதல் களத்திலும் நான்காம் களத்திலும் ஒரே தண்டனை கிடைக்கிறதா?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஸ்னேக் எனப்படும் நீண்ட, தாழ்வான பங்கரில் ஊர்ந்து போகும் ஆட்டக்காரரின் முதுகில் கட்டியிருக்கும் பாட் பையில் (குண்டுக் குப்பிகளை வைக்கும் பை) ஒரு குண்டு உடைகிறது. அவருக்கு அது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நடுவர் ஓடிப்போய்க் குனிந்து பார்க்கும் இரண்டு நொடிக்குள் அவர் இன்னும் மூன்று முழம் முன்னேறி, எதிரணியில் ஒருவரைச் சுட்டுவிடுகிறார். இப்போது நடுவர் அவரை மட்டும் வெளியே அனுப்புவதா, தெரிந்தே தொடர்ந்து ஆடினார் என்று சொல்லிக் கூடவே சக ஆட்டக்காரர் ஒருவரையும் அனுப்புவதா? பழைய எழுவர் ஆட்டத்தில் இப்படித் தொடர்ந்து ஆடும் தவற்றுக்கு ஒருவர் கூடப் போவார். சாயத்தைத் துடைத்து மறைத்தது உறுதியானால் மூவர் கூடப் போவார்கள். ஏழு பேரில் நான்கு பேர் ஒரு கையசைவில் காணாமல் போவதால் அந்த ஆட்டமே அங்கே முடிந்தது. எந்தக் களத்தில் எந்த நடுவர் நிற்கிறார் என்று விசாரித்துவிட்டு ஆடும் முறையை மாற்றிக்கொள்ளும் அணிகள் இருந்தால், அந்தத் தொடரின் நிர்வாகம் சரியில்லை என்று தயங்காமல் சொல்லிவிடுவேன்.

இந்த விஷயத்தில் ஐரோப்பியர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. அதனால் உங்கள் மூன்றாவது நண்பரின் பேச்சையும் தள்ளிவிட வேண்டாம். மில்லேனியம் தொடரில் ஆட ஐரோப்பிய பெயிண்ட்பால் கூட்டமைப்பின் உரிமம் வேண்டியிருந்தது. சிபிஎல் என்ற உச்சப் பிரிவிலிருந்து கீழே இறங்குவதும் கீழிருந்து மேலே ஏறுவதும் முடிவுகளின் அடிப்படையில் நடந்தன. பணம் கட்டியவர் எல்லாம் மேல் பிரிவில் ஆடிவிட முடியாது. அமெரிக்காவிலோ இதே வேலையை ஆட்டக்காரரின் அடையாள எண் செய்கிறது. ஒருவர் இதுவரை எந்தப் பிரிவில் ஆடி எத்தனை புள்ளி சேர்த்தார் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருவதால், கைதேர்ந்தவர்கள் ஐந்தாம் பிரிவில் புதியவர்கள் போல வந்து கோப்பையைத் தூக்கிச் செல்ல இடமில்லை. இதைச் சரியாகச் செய்யாத உள்ளூர்ப் போட்டிகளில் புதிய அணிகள் ஒரு முறை வரும்; அடுத்த முறை வராது.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு போட்டியில், காலையில் தோற்று வெளியேறிய அணியின் ஆட்டக்காரர்களையே மாலையில் நடுவர்களாக நிறுத்தினார்கள். அவர்களைத் தோற்கடித்த அணிதான் அன்று அரையிறுதியில் ஆடியது. அதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

சாரல்:

இரண்டு அண்ணன்மார்களும் களத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். நான் வெளியே நடப்பதைச் சொல்கிறேன். நான் போன போட்டிகளில் தாமதத்துக்கு முதல் காரணம் காற்று நிரப்பும் இடம்தான். 4500 பிஎஸ்ஐ அழுத்தம் வரை நிரப்ப வேண்டிய தொட்டிகளோடு இருபது அணிகள் வரிசையில் நிற்கையில் ஒரே ஒரு கம்ப்ரசர் இருந்தால், எவ்வளவு நல்ல அட்டவணையும் பத்து மணிக்கே பிசகிவிடும்.

இரண்டாவது பெயிண்ட். பெரிய தொடர்களில் நிகழ்விடத்திலேயே வாங்கிய குண்டுகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அணிகளுக்கு எரிச்சலாக இருக்கும், விலையும் கூடும். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெலட்டின் தோல் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடுவதால், வீட்டில் திறந்து வைத்த பெட்டியைக் கொண்டுவருபவரின் குண்டுகள் குழலுக்குள்ளேயே உடையும். அவர் நின்று துடைத்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். பெட்டிக்கு 2000 குண்டு என்ற கணக்கில் முன்கூட்டியே வாங்கி, குளிரூட்டிய அறையில் வைத்துக் காலையில் கொடுங்கள்.

நொடிக்கு 300 அடி என்ற வேக வரம்பைக் களத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சோதியுங்கள். நுழையும்போது மட்டும் சோதித்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிற்பகல் இடிமழையை மறந்து அட்டவணை போடாதீர்கள். என்எக்ஸ்எல் தன் உலகக் கோப்பையை ஃபுளோரிடாவில் நவம்பரில் வைத்துக்கொள்கிறது. அங்கே அது கோடைமழை ஓய்ந்த பருவம். சிலாங்கூரில் நவம்பர் என்றால் மழைக்கோட்டுதான்.

மூலைப்பங்கர்:

மூவருக்கும் மிக்க நன்றி. கடிகாரம், நடுவர், காற்று ஆகிய மூன்றையும் குழுவில் வைத்துவிட்டேன். எழுவர் ஆட்டம் இல்லை என்பதில் மூத்தவர்களும் ஒருவாறு இறங்கி வந்துவிட்டார்கள். மதிப்பெண் தாள் சண்டை அவர்களுக்கும் நினைவிருக்கிறது போலும். ஆனால் எங்களிடம் ஒரே ஒரு களம்தான் இருக்கிறது. இருபது அணிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தொடக்கச் சுற்று ஆட்டங்கள் என்பது இரண்டு நாளில் சாத்தியமா? களத்தின் லேஅவுட்டை (பங்கர்கள் எங்கெங்கே நிற்கும் என்ற வரைபடத்தை) முன்கூட்டியே வெளியிட வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

பழைய ஆட்டோகாக்கர்:

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தம்பி. இருபது அணிகளுக்கு நான்கு ஆட்டங்கள் என்றால் மொத்தம் நாற்பது ஆட்டங்கள். நான்கு புள்ளி வரை, பத்து நிமிட ஆட்டக் கடிகாரம், புள்ளிகளுக்கு இடையே இரண்டு நிமிட ஓய்வு என்று வைத்தால், மூன்றுக்கு மூன்று வரை இழுக்கும் ஆட்டத்தில் ஆறு ஓய்வுகள் வரும். பத்தும் பன்னிரண்டுமாக இருபத்திரண்டு நிமிடம். அணிகள் மாறும் நேரத்தையும் சேர்த்து இருபத்தைந்து என்று கொள்ளுங்கள். நாற்பது ஆட்டத்துக்கு 1000 நிமிடம், அதாவது பதினாறு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு நாளில் இறுதிச் சுற்றுகளையும் முடிக்க இது இடம் கொடுக்காது.

ஆனால் அந்த இரண்டு நிமிட ஓய்வில் களம் சும்மாதான் கிடக்கிறது. பெரிய தொடர்களில் அதைப் பயன்படுத்திக்கொண்ட வழி, இரண்டு ஆட்டங்களை ஒரே களத்தில் மாற்றி மாற்றி நடத்துவது. முதல் இரு அணிகள் ஒரு புள்ளி ஆடிவிட்டுப் போய்க் குண்டும் காற்றும் நிரப்பும்போது, அடுத்த இரு அணிகள் தம் புள்ளியை ஆடிவிடும். ஒரு புள்ளி பல நேரங்களில் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் யாரும் அதிகம் காத்திருக்கப் போவதில்லை. இப்படிச் செய்தால் ஓர் இணைக்கு, அதாவது இரண்டு ஆட்டங்களுக்கு, ஐம்பது நிமிடத்துக்குப் பதிலாக முப்பது நிமிடம் போதும். இருபது இணைக்கு பத்து மணி நேரம். முதல் நாள் ஏழும் மறுநாள் காலையில் மூன்றுமாகப் பிரித்தால், மழை பிடிப்பதற்குள் அரையிறுதிக்கு வந்துவிடலாம். இதற்கு நான்கு அணிகள் ஒரே நேரத்தில் நிற்கும் அளவுக்கு பிட் இடம், அதாவது குண்டும் காற்றும் நிரப்பிக்கொள்ளும் இடம், வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

லேஅவுட்டை ஒரு வாரம் முன்பே வெளியிடுங்கள். காசுள்ள அணி அதே அமைப்பைப் போட்டுப் பயிற்சி எடுக்கும் என்ற குறை உண்மைதான். ஆனால் வெளியிடாவிட்டால், களத்தை அமைக்க உதவிய நண்பர்களின் அணிக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். உள்ளூர்ப் போட்டியில் அந்தச் சந்தேகம் விலை உயர்ந்தது.

வரிச்சட்டை:

இணை ஆட்டத்தில் அணிகளுக்கு ஓய்வு உண்டு, நடுவர்களுக்கு இல்லை. ஏழு மணி நேரம் முகமூடிக்குள் வெயிலில் ஓடுபவர் மாலையில் முதுகுப் பையில் பட்ட சாயத்தைக் கவனிக்கவே மாட்டார். ஆறு பேர் கொண்ட இரண்டு குழுக்களை வைத்து, ஒவ்வொரு மணி நேரமும் மாற்றுங்கள். அவர்களுக்கு ஊதியம் கொடுக்க அணிகளின் நுழைவுக் கட்டணத்தில் கொஞ்சம் கூட்ட வேண்டி வந்தாலும் தயங்காதீர்கள். போட்டிக்கு முந்தைய நாள் மாலை பன்னிரண்டு பேரையும் களத்தில் நிறுத்தி, நான் மேலே சொன்ன ஸ்னேக் காட்சியைப் போல ஐந்தாறு சூழல்களை நடித்துக் காட்டி, எதற்கு எந்தக் கொடியை எறிவது என்று ஒருமித்த முடிவுக்கு வரச் செய்யுங்கள். ஆடும் எந்த அணியையும் சேராத ஒருவரைத் தலைமை நடுவராக வைத்துவிட்டு, அவர் முடிவில் குழு உறுப்பினர் யாரும் தலையிடக்கூடாது என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.