இணைசேர்ந்த பெண்ணின் ஆயுளைக் குறைப்பதால் ஆண் பழ ஈக்கு என்ன ஆதாயம்?

கேள்வி:
ஆண் பழ ஈயின் விந்துத் திரவத்திலுள்ள துணைச் சுரப்பிப் பொருள்கள் பெண்ணின் ஆயுளைக் குறைக்கின்றன என்று சாப்மனும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் காட்டியதாகப் படித்தேன். தன் வாரிசுகளைச் சுமக்கும் பெண்ணுக்கே கேடு செய்யும் ஆணை இயற்கைத் தேர்வு எப்படி விட்டுவைத்தது?

மறுமொழி 1:
“தன் வாரிசுகள்” என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பெண் பழ ஈ பல ஆண்களோடு இணைசேரும். கடைசியாகச் சேர்ந்த ஆணின் விந்தணுக்களே அதன்பின் இடப்படும் முட்டைகளில் பெரும்பாலானவற்றைக் கருவுறச் செய்யும். ஆகவே ஓர் ஆணுக்குக் கிடைப்பது அடுத்த ஆண் வரும்வரையிலான சில நாட்களே. அந்நாட்களில் முட்டையிடும் வேகம் கூடி, மறு இணைசேர்க்கையும் தள்ளிப்போனால் அதற்கு ஆதாயம்; பிற்பாடு பெண் விரைவில் இறந்தாலும், பிறக்காமல் போகும் குஞ்சுகள் பெரும்பாலும் வேறோர் ஆணுடையவை.

ஹாலண்டும் ரைஸும் 1999-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண்ணுக்கு ஒரே ஆண் என்ற கட்டாயத்தில் ஈக்களை 47 தலைமுறைகள் வளர்த்தனர். இருபாலரின் இனப்பெருக்க நலனும் ஒன்றாகிவிட்ட அக்கூட்டத்தில் ஆண்களால் விளையும் கேடு குறைந்தது. பெண்களோ வழக்கமான ஆண்களைத் தாங்கும் திறனை ஓரளவு இழந்திருந்தன. எனக்கு இந்த இரண்டாவது முடிவே முக்கியமாகப் படுகிறது. தாக்குதல் ஓய்ந்ததும் கேடயம் துருப்பிடித்துவிட்டது.

மறுமொழி 2:
ஒரு திருத்தம். இதை நஞ்சு என்று எண்ணிவிட வேண்டாம். முதன்மைக் காரணி, விந்துத் திரவத்திலுள்ள பாலியல் பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டு; வெறும் 36 அமினோ அமிலங்கள் கொண்டது; விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு சிறிது சிறிதாக விடுபடுவதால், முட்டையிடுவதைக் கூட்டி மறு இணைசேர்க்கையைத் தள்ளிப்போடும் அதன் விளைவு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கிறது. விந்தணு இல்லாமல் பெப்டைடு மட்டும் சென்றால் ஓரிரு நாட்களில் தீர்ந்துவிடும். ஆயுள் குறைவது பக்கவிளைவே.

கேட்டவர்:
அப்படியானால் பெண், அந்தப் பெப்டைடை உணரும் ஏற்பியையே இழந்துவிடலாமே?

மறுமொழி 2:
2008-இல் கண்டறியப்பட்ட அந்த ஏற்பி, பாலியல் பெப்டைடே இல்லாத பூச்சிகளிலும் இருக்கிறது. பூச்சியின் உடலே சுரக்கும் வேறு பெப்டைடுகளுக்கும் அது பதிலளிக்கிறது. மேலும், விந்தணு வந்துசேர்ந்த செய்தி பெண்ணுக்கும் தேவை, ஏனெனில் கருவுறாத முட்டைகளை இட்டுத் தீர்ப்பது வீண். எவ்வளவு முட்டை, எத்தனை நாள் என்ற அளவில்தான் பிணக்கு.

மறுமொழி 3:
தடுக்க முடியாததைத் தாங்கிக்கொள்ளும் வழிக்கு மூட்டைப்பூச்சி நல்ல சான்று. பெண்ணுக்கு இனப்பெருக்கத் துளை இருந்தும், ஆண் அதன் வயிற்றுச் சுவரைக் குத்தித் துளைத்தே விந்தைச் செலுத்துகிறது. குத்து விழும் அந்த இடத்திலேயே, நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்த ஒரு தனி உறுப்பு பெண்ணில் உருவாகியிருக்கிறது. அது காயத்தின் பாதிப்பையும் அதன்வழி நுழையும் கிருமிகளின் தொற்றையும் குறைக்கிறது. ஆணின் துளைக்கும் பழக்கமோ அப்படியே தொடர்கிறது.