மறு: படகுத் தளச் சாமான்கள் – ‘பேக்கிங் பிளேட்’டுக்கு என்ன சொல்?

> ‘பின்தகடு’ என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

வணக்கம்.

எளிமைதான். ஆனால் நம் படகுச் சொல் அகராதிக்காகப் பெயர் தேடும் இந்த ‘பேக்கிங் பிளேட்’ (backing plate), படகின் மேல்தளத்தில் மாட்டும் சாமான்களின் போல்ட்டுகளுக்காகத் தளத்துக்கு அடியில் வைக்கும் தகடு. ‘பின்தகடு’ என்று படிப்பவருக்குப் படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வது இன்னும் மோசம். எங்கள் ராணிப்பேட்டைப் பட்டறைகளில் பேக்கிங் (packing) என்றால் கசிவை அடைக்கும் கேஸ்கெட். சென்னையிலிருந்து பாய்ப்படகுக்காரர் ஒருவர் ‘பேக்கிங் பிளேட்’ வெட்டித் தரச்சொல்லி வந்தபோது, பட்டறைப் பையன் ரப்பர் ஷீட்டை எடுத்து வந்து நின்றான்.

தகடு செய்யும் வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், கயிற்றைக் கட்டிவைக்கும் கிளீட் எல்லாம் தளத்தின் மேல் நிற்பவை. பாயில் காற்று ஏற ஏற, கயிறு அவற்றைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் போல்ட்டுக்கு அடியில் வெறும் வாஷர்தான். அதே ஓட்டைகளில் பெரிய வின்ச்சை மாட்டி முழு பலத்தோடு இழுத்தால், வாஷர் தளத்தை நசுக்கிக்கொண்டு மேலே வரும். தகரக் கதவில் வெறும் நட்டு வைத்துத் தாழ்ப்பாள் போட்டால் பிய்ந்துகொண்டு வருவதைப் போலத்தான். அகலத் தகடு அந்த இழுப்பைப் பரப்பிவிடுகிறது.

தளமும் ஒரே பலகை இல்லை. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பெரும்பாலும் பால்சா மரம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் பால்சா ஊறி அழுகிவிடும். அதனால் ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸிப் பசை நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்புறம்தான் தகடு. அதன் விளிம்பை மழுக்காவிட்டால் அந்த இடத்திலேயே ஃபைபர் விரிசல் விடும். கடல் உப்புக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகாது, மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். விளிம்பு, உலோகம் இந்த இரண்டையும் அகராதி விளக்கத்தில் சேர்க்கச் சொல்வேன். சொல்லைத் தேடி வருபவர் வேலை செய்யத்தான் வருகிறார்.

என் பரிந்துரை ‘அண்டைத்தகடு’. சாய்கிற பந்தல்காலுக்கு ‘அண்டை கொடு’ என்கிறோம். ஒட்டி நிற்பதும் பலம் கொடுப்பதும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. இதற்கு முன்பு சிலர் பரிந்துரைத்த ‘தாங்குதகடு’ கேட்க நன்றாக இருந்தாலும், மேலிருந்து இறங்கும் பாரத்தைத்தான் நினைவூட்டுகிறது. இங்கே இழுப்பு மேல்நோக்கி.

இன்னொன்று. பாயேற்றும் கயிற்றுக்கு ‘ஆஞ்சான்’, பாயின் கீழ்மூலைக் கயிற்றுக்குத் ‘தாமான்’ என்று பழைய கப்பல் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. நம் அகராதிப் பட்டியலில் இவற்றுக்கு எதிரே ‘ஏற்றுகயிறு’, ‘இழுகயிறு’ என்று போட்டிருப்பதை எடுத்துவிடலாம். கயிறு ஓடும் உருளையான பிளாக்குக்குக் ‘கப்பி’யே போதும்.

‘தாமான் வின்ச்சின் அண்டைத்தகட்டை மாற்று’ என்று ஃபிட்டரிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார். ‘தாங்குதகடு’ வேண்டும் என்பவர்களும் இப்படி ஒரு வேலை வாக்கியம் எழுதி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வோம்.