தாயத்துக்கு மட்டுமா, அஞ்சுக்குமா? காய் இறக்கும் பஞ்சாயத்து

கெடிலக்கரை:
போன ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைத் தம்பி வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து ஆடினோம். மதியம் வரை கேட்டான் என்கிற பலகை ஆட்டம். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் கொண்டுபோன தாயக்கட்டை. சந்தோஷமாகத்தான் போனது. ராத்திரி அவர் இந்த இணைய மன்றத்தில் எழுதியதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. அவர் எழுதியது இதுதான்: "தாயம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. 1 விழுந்தாலும் 5 விழுந்தாலும் காய் கட்டத்துக்குள் இறங்கும், அப்புறம் உருட்டுவதும் நகர்த்துவதும்தான். மூளைக்கு வேலையே இல்லை."

சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்றதைக்கூட விட்டுவிடுகிறேன். 5 விழுந்தால் காய் இறங்கும் என்று யார் சொன்னது? கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்கள் தெருவில் அப்படி யாரும் இறக்கியதில்லை. தாயம் என்றால் ஒன்று. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். ஆட்டத்தின் பேரே அதுதானே தம்பி?

முத்தியால்பேட்டை:
அக்கா, நான் எழுதியது மூளை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்பதைப் பற்றி. நீங்கள் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டீர்கள். எங்கள் வீட்டில் 1, 5 இரண்டுக்கும் இறக்குவோம். அம்மா, பெரியம்மா, எதிர் வீட்டு ஆயா எல்லோரும் அப்படித்தான். 5 விழுந்தால் மறு ஆட்டம், அதாவது இன்னொரு உருட்டு, உண்டு என்று நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். மறு ஆட்டம் தரும் எண்ணுக்குக் காய் மட்டும் இறங்காதா?

கெடிலக்கரை:
6-க்கும் 12-க்கும்கூட மறு ஆட்டம் உண்டு. அதற்கும் இறக்குவீர்களா? மாட்டீர்கள். அப்புறம் 5-க்கு மட்டும் என்ன சலுகை?

பாகூர் ஏரி:
அக்கா சொல்வதுதான் சரி, ஆனால் அவர் சொல்லும் காரணம் தப்பு. எங்கள் ஊரில் பித்தளைக் கட்டையே கிடையாது. நாலு புளியங்கொட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோம். ஒன்று வெள்ளையாக விழுந்தால் தாயம், நாலும் வெள்ளை என்றால் நாலு, நாலும் கறுப்பு என்றால் எட்டு. அஞ்சு என்ற எண்ணே விழாது. விழாத எண்ணுக்கு எப்படிக் காய் இறக்குவது?

கெடிலக்கரை:
புளியங்கொட்டை என்பது வசதி இல்லாதவர்கள் ஆட்டம். எங்கள் பாட்டி கையில் இருந்தது பித்தளைக் கட்டை, இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நடுவிரல் நீளம் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, நாலாவது பக்கம் மொட்டை. புள்ளிகள் தேய்ந்து இப்போது கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவித்தான் எண்ணவேண்டும். பாட்டி கட்டை இரண்டையும் உள்ளங்கைக்குள் வைத்து மூன்று தடவை உரசிவிட்டு சிமெண்டுத் தரையில் வழுக்கிவிடுவாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். கட்டம் செங்கல் துண்டால் போட்டது, காய் உடைந்த கண்ணாடி வளையல். அப்படி ஆடிய வீட்டில் அஞ்சுக்கு இறக்கியதில்லை.

பாகூர் ஏரி:
இல்லாதவர்கள் ஆட்டம் என்றீர்களே, அது நன்றாக இல்லை அக்கா. புளிய மரம் எல்லார் வாசலிலும் இருந்தது. பித்தளை சில வீட்டில்தான் இருந்தது. பழசு எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கணக்கு வாத்தியார்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது 2 விதம்தான், ஒரு கட்டை ஒன்று, இன்னொன்று மொட்டை. அஞ்சும் 2 விதம், மூன்றும் இரண்டும். ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு, அதாவது இரண்டும் மொட்டை, 1. இப்போது புளியங்கொட்டைக்கு வாருங்கள். நாலு கொட்டை என்றால் அதிலும் 16 விதம். ஒன்று மட்டும் வெள்ளை என்பது 4 விதம். அதாவது கொட்டையில் தாயம் 16-க்கு 4, பித்தளையில் 16-க்கு 2. பித்தளையில் தாயத்தோடு அஞ்சையும் சேர்த்தால் 16-க்கு 4. இரண்டும் சரியாகச் சமம். அஞ்சுக்கு இறக்கும் வழக்கம் இதனால்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பித்தளையில் காய் இறங்கத் தாமதமாகிறது என்று யாரோ அஞ்சையும் சேர்த்திருப்பார்கள்.

முத்தியால்பேட்டை:
இதைத்தான் நான் சொன்னேன். நன்றி சார்.

கெடிலக்கரை:
நீங்கள் இதைச் சொல்லவில்லை தம்பி. "எங்கள் பெரியம்மா" என்றீர்கள். வாத்தியார் சார், உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. தாயம் அபூர்வமாக விழுவதுதான் ஆட்டமே. காய் இறங்கக் காத்திருப்பது வேதனையாக இருக்கவேண்டும். அப்போதுதான் வெட்டுக்குப் பயம் இருக்கும். ஓரத்துக் கட்டங்களைச் சுற்றி வரும்போது ஒரு காயை எவனாவது வெட்டிவிட்டால் அது வெளியே போய், மறுபடி தாயம் விழும்வரை கிடக்கும். அதனால்தான் வெட்ட முடியாத கட்டமான மலையில் காயைப் போட்டுக் குந்தவைத்து, எதிராளி கடந்து போகட்டும் என்று வேறு காயை நகர்த்துகிறோம். அதுதான் மூளை. அஞ்சுக்கும் இறக்கலாம் என்றால் வெட்டு வாங்கியவன் அடுத்த சுற்றிலேயே உள்ளே வந்துவிடுவான். அப்புறம் எதற்கு மலை? எதற்கு வெட்டு? தாயத்தில் மூளை இல்லை என்று சொல்கிறவரே மூளைக்கு வேலை இருக்கும் இடத்தை அஞ்சு போட்டு அடைத்துவிட்டார்.

முத்தியால்பேட்டை:
பத்துத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று சாரிடமே கேளுங்கள். நானே போட்டுப் பார்த்தேன், நூற்றுக்கு 26. நாலு பேர் ஆடினால் ஒருவர் பத்து உருட்டு வரை வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? அஞ்சையும் சேர்த்தால் நூற்றுக்கு 6-க்கும் கீழே போய்விடுகிறது. நண்பர்களோடு உட்கார்ந்தால் எல்லோரும் ஆடவேண்டும்.

கேட்டானில் முதல் நிமிடத்திலேயே எல்லோருக்கும் பலகையில் இடம் இருக்கும். கிளவுஸ் டொய்பர் உருவாக்கி 1995-ல் ஜெர்மனியில் வெளிவந்த ஆட்டம் இத்தனை நாட்டில் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கெடிலக்கரை:
ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேட்டானில் நானும்தான் உட்கார்ந்தேன். இரண்டு பகடை உருட்டினீர்கள். ஏழு விழுந்தது. என் கையில் எட்டு சீட்டு இருந்தது, பாதியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். 36 விதத்தில் 6 விதம் ஏழு, வேறு எந்த எண்ணும் அவ்வளவு விழாது என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். அங்கே பகடை விழுந்தால் மூளை, எங்கள் திண்ணையில் கட்டை விழுந்தால் அதிர்ஷ்டமா?

பண்ருட்டிப் பலா:
ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த மேசையில் இருந்தேன். நடந்ததை ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். தம்பியின் காய் உள்சுற்றுக்குப் போக இரண்டே கட்டம் இருந்தபோது அக்கா வெட்டினார். அடுத்த உருட்டிலேயே தம்பிக்கு அஞ்சு விழுந்தது, காயை இறக்கிவிட்டார். அக்கா முகம் மாறியது. அவ்வளவுதான் சண்டை. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

கெடிலக்கரை:
ஆமாம், முகம் மாறியது. சாப்பிட்ட வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று சும்மா இருந்தேன். ராத்திரி அவர் இங்கே எழுதாமல் இருந்திருந்தால் இப்போதும் சும்மா இருந்திருப்பேன். வெட்டு வாங்கிய காயை அஞ்சுக்கு இறக்கக்கூடாது.

முத்தியால்பேட்டை:
ஆடத் தொடங்கும்போதே கேட்டிருக்கலாமே அக்கா.

கெடிலக்கரை:
உப்பு போட்டுத்தான் சோறு சமைப்பீர்களா என்று யாராவது கேட்பார்களா?

பண்ருட்டிப் பலா:
தானே புயலுக்கு அப்புறம் நாங்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன், இந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். 2011 டிசம்பர் 30 விடிகாலை புயல் கரை கடந்தது. எங்கள் கொல்லையில் முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை. அப்பா வைத்த பலாமரம் வேரோடு சாய்ந்து வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. பல நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து, கவிழ்த்த அண்டா மேல் கேரம் பலகையை வைத்து, சித்தப்பா பையன்கள் நாலு பேர் ஆடினோம். இருட்டினால் மண்ணெண்ணெய் விளக்கு. அப்பா மரத்தைப் பார்க்க மாட்டார், எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் அவரும் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஸ்டிரைக்கரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நெல்லித்தோப்பு கேரம்:
கேரம் என்ற பேர் வந்துவிட்டதால் சொல்கிறேன். ஆட்டம் என்றால் அதுதான். எண்ணை நம்பி உட்கார வேண்டாம், விரலை நம்பினால் போதும். தமிழ்நாட்டு மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-க்கான அர்ஜுனா விருது வாங்கியவர். தாயத்தில் யார் இருக்கிறார்கள்?

ஆனால் பண்ருட்டிக்காரர் கேரம் பற்றிப் பேசக்கூடாது. எங்கள் தெருப் போட்டியில் ரெட்டுக்கு 50 பாயிண்ட் என்று கணக்குப் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். சர்வதேச விதிப்படி ரெட்டுக்கு 3 பாயிண்ட்.

பண்ருட்டிப் பலா:
பதினைந்து வருஷம் ஆகிறது, இன்னும் அதை விடவில்லையா? அன்றைக்கு ஆடியது பாயிண்ட் கேரம். வெள்ளை 20, கறுப்பு 10, ரெட் 50. பலகைக்கு மேலே சுவரில் நீங்களேதான் சாக்பீஸால் எழுதினீர்கள். நான் ரெட்டைப் போட்டு, அடுத்துப் போடவேண்டிய ஃபாலோ காயையும் போட்ட பிறகு உங்களுக்கு சர்வதேச விதி ஞாபகம் வந்தது. அப்புறம், போரிக் பவுடர் தீர்ந்துவிட்டது என்று பலகையில் முகப் பவுடரைக் கொட்டியவர் யார்? காய் நகரவே இல்லை. ஒரு வாரம் துடைத்தோம்.

நெல்லித்தோப்பு கேரம்:
பவுடர் கொட்டியது என் தம்பி. நான் இல்லை.

பண்ருட்டிப் பலா:
டப்பாவை எடுத்துக் கொடுத்தது நீங்கள்.

கெடிலக்கரை:
கேரத்துக்குத் தனித் திரி போடுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான், அஞ்சுக்குக் காய் இறங்குமா?

கணக்கு வாத்தியார்:
இன்னொன்று சொல்லலாமா? வடக்கே பச்சீசி என்று இதே குடும்பத்து ஆட்டம். சோழி உருட்டினால் கிடைக்கும் 25 என்ற எண்ணிலிருந்துதான் அதன் பேரே வந்தது. ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் அரண்மனை முற்றத்தில் தரையிலேயே அதன் கட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரர் அதை எடுத்து, சோழிக்குப் பதில் ஆறு முகப் பகடை போட்டு, 1896-ல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். லூடோவில் காய் இறங்க 6 வேண்டும். உருட்டும் பொருள் மாறினால் இறக்கும் எண்ணும் மாறுகிறது. ஆகவே கொட்டைக்கு ஒரு விதி, கட்டைக்கு ஒரு விதி என்றால் யாருக்கும் குறைவில்லை.

ஒரே ஒரு திருத்தம். கொட்டைக் கணக்கில் நான் இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டேன். தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. நிஜத்தில் அது அப்படிச் சமமாக விழாது.

பாகூர் ஏரி:
எங்கள் கொட்டையில் கள்ளம் இருக்கிறது என்கிறீர்களா சார்?

கணக்கு வாத்தியார்:
அப்படிச் சொல்லவில்லை ஐயா. வடிவத்தைத்தான் சொன்னேன்.

பாகூர் ஏரி:
வடிவம் எல்லாருக்கும் ஒன்றுதான். என் கையிலும் அதே கொட்டை, எதிராளி கையிலும் அதே கொட்டை. பித்தளையில்தான் கள்ளம் செய்யலாம். கையில் தாயத்தை மேலே வைத்துக்கொண்டு உருட்டாமல் வழுக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கெடிலக்கரை:
என் பாட்டியைச் சொல்கிறீர்களா?

பாகூர் ஏரி:
வழுக்கிவிடுவாள் என்று எழுதியது நீங்கள்தான்.

கெடிலக்கரை:
மூன்று தடவை உரசிவிட்டு என்றும் எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் படியுங்கள். உரசினால் கட்டை கையில் உருளும், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. உரசாமல் போட்டால் அந்த ஆட்டம் செல்லாது, மறுபடி போடு என்பது எங்கள் வீட்டு விதி. ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஒரு பக்கம் பரமபதம், ஒரு பக்கம் தாயம் என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்த திண்ணை அது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரியிலும் அதே கட்டையைத்தான் எடுத்தேன். மழை விடாமல் கொட்டியது, என் மருமகளுக்குப் பயம். இரண்டு பேரும் ஆடினோம். அவளுக்கு ஒரு மணி நேரம் தாயம் விழவில்லை. அஞ்சு நாலைந்து தடவை விழுந்தது. இறக்கட்டுமா அத்தை என்று கேட்டாள். கூடாது என்றேன். தாயம் விழுந்தபோது அவள் போட்ட கூச்சலில் காற்றுச் சத்தமே கேட்கவில்லை. அன்றைக்கு அஞ்சுக்கு இறக்க விட்டிருந்தால் அந்தக் கூச்சல் வந்திருக்குமா?

முத்தியால்பேட்டை:
ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணை வெறுமனே உட்கார வைத்தீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள் அக்கா.

கெடிலக்கரை:
வெறுமனே உட்காரவில்லை. உருட்டிக்கொண்டிருந்தாள்.

முத்தியால்பேட்டை:
சரி, அடுத்த ஞாயிறு நான் கடலூர் வருகிறேன். உங்கள் திண்ணை, உங்கள் கட்டை. ஆனால் அஞ்சு விழுந்தால் இறக்குவேன்.

கெடிலக்கரை:
வாருங்கள் தம்பி, மதியம் சாப்பாடும் இங்கேதான். இறக்கினால் எடுத்து வெளியே வைப்பேன்.

நெல்லித்தோப்பு கேரம்:
டப்பாவை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அலமாரியில் இருந்தது, அவனே எடுத்தான்.