1.8 ஃபில்டரை நம்பி எழும்பூரில் நின்ற கதை

பழைய ரிக்காரன்:
ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசை, காலை நேரம். எங்களுக்குக் கீழே 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு கத்தினார். பக்கத்துச் சத்தத்தை வெட்டும் ஃபில்டரை 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 1.8-க்கு மாற்றினேன். ஆளே காணோம், அவ்வளவு சுகம். மதுரை நண்பர் ஊரிலிருந்து வரும் தேதியைச் சொன்னார். "ஃபிஃப்த்" என்று காதில் விழுந்தது. "ஃபிஃப்த்தானே?" என்று திருப்பியும் கேட்டேன். "ரோஜர்" என்றார். அவரும் குறுகிய ஃபில்டரில்தான் இருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 5-ஆம் தேதி காலை பாண்டியன் எக்ஸ்பிரஸ் காலியாகும்வரை எழும்பூர் பிளாட்பாரத்தில் நின்றேன். போன் போட்டால் மனிதர் மதுரையில் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னது "சிக்ஸ்த்".

கோவை வாசி:
ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள், வைத்த இடம்தான் தப்பு. 300 ஹெர்ட்ஸில் தொடங்கினால் 1.8 என்பது 2100-இல் முடிந்துவிடும். 'ஸ', 'ஃப' இரண்டையும் பிரித்துக் காட்டும் சத்தமெல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஃபில்டரை அப்படியே மேலே கீழே நகர்த்தும் ஐஎஃப் ஷிஃப்டைத் திருப்பி 500 முதல் 2300 வரை வையுங்கள். குரல் தகர டப்பாவில் பேசுவதுபோல இருக்கும், ஆனால் சொல் புரியும். புதிதாக வாங்குவதென்றால் 2.1 போதும். தேதியைத் தமிழில் சொல்லிப் பழகுங்கள், ஐந்தும் ஆறும் எந்த ஃபில்டரிலும் குழம்பாது. என் கதையா? 1.8 வாங்கினேன், விற்றுவிட்டேன்.

பிட்எக்ஸ் கட்டியவன்:
வீட்டிலேயே கட்டும் பிட்எக்ஸ் ரேடியோவுக்கு நான் கிரிஸ்டல் ஃபில்டரையே கையால் செய்தேன். இறுக்கமாக வேண்டும் என்று கண்டென்சர் மதிப்பைக் கூட்டினேன், கேட்க அருமை. பிட்எக்ஸில் அனுப்புவதும் அதே ஃபில்டர் வழியாகத்தான் என்பது மறந்தே போயிற்று. ஒரு வாரமாக எல்லோரும் "என்ன ஓஎம், சளியா?" என்று கேட்டார்கள். (ஓஎம் என்றால் ஹாம்களின் 'நண்பரே'.)

மாடி ஆன்டெனா:
அக்டோபர் கடைசியில் சிக்யூ வேர்ல்ட்வைட் என்ற உலக ஹாம் போட்டி, இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஹாம். டிஎஸ்பியை, அதாவது ரேடியோவின் டிஜிட்டல் ஃபில்டரை, 1.5 வரை இறுக்கினேன். அவர் குரல் போய்விட்டது. ஆனால் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் பிடித்த ஜப்பான் ஸ்டேஷன் மூழ்கி மூழ்கி எழுந்தது. என் ரிக்கின் (ரேடியோவின்) முதல் வாசலான ரூஃபிங் ஃபில்டர் 15 கிலோஹெர்ட்ஸ் அகலம். அந்த வாசல் வழியாக நுழைந்து, சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏஜிசியை அமுக்குகிறார், டிஎஸ்பி அதற்குப் பின்னால் நின்று என்ன செய்யும்? கடைசியில், வரும் சிக்னலையே குறைக்கும் அட்டெனுவேட்டர்தான் கொஞ்சம் காப்பாற்றியது.

பழைய ரிக்காரன்:
கோவைக்காரரே, எல்எஸ்பி ஐயா இது, குரல் டயல் எண்ணுக்குக் கீழ்ப்பக்கம் போகும் முறை. 2 கிலோ கீழே இருப்பவரின் 300 ஹெர்ட்ஸ் எனக்கு 2300-இல் கேட்கும். நீங்கள் சொன்னபடி திருப்பினேன், நேராக உள்ளே வந்துவிட்டார். தமிழில் தேதி சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.