சுற்றுச்சூழல் அக்கறை குவேக்கர்களின் வேரிலேயே இருந்ததா?

நெய்தல்:
குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறித்தவப் பிரிவினர். 2011இல் கேன்டர்பரியில் கூடிய பிரிட்டன் குவேக்கர்களின் ஆண்டுக்கூட்டம், கரியமில வாயுவைக் குறைவாக வெளியிடும் சமூகமாக மாற உறுதி எடுத்தது. 2013இல் நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் பணம் போடுவதில்லை என்றும் முடிவு செய்தது. காலத்துக்கேற்ற வேடம் இது என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வாழ்ந்த குவேக்கர் ஜான் உல்மனைப் பாருங்கள். சாயமேற்றிய துணியை உடுத்த மறுத்தார். வெள்ளிப் பாத்திரத்தைத் தொட மறுத்தார். 1772இல் இங்கிலாந்து சென்றபோது, குதிரைகளைச் சாகும்வரை விரட்டுகிறார்கள் என்பதற்காகத் தபால் வண்டியில் கடிதம்கூட அனுப்பவில்லை. இன்றைய பகட்டுக்காக மண்ணை வறளச் செய்வது அடுத்த தலைமுறைக்கு இழைக்கும் தீங்கு என்று எழுதியவர் அவர்.

கரிசல்காடு:
பாதி வரலாற்றைத்தான் சொல்கிறீர்கள். 1709இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் மரக்கரியை விட்டுவிட்டு, நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் கற்கரியால் இரும்பு உருக்கிய ஏப்ரகாம் டார்பி ஒரு குவேக்கர். நிலக்கரியை ஏற்றிச் செல்ல 1825இல் திறந்த ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதையை முன்னின்று கொண்டுவந்த எட்வர்ட் பீஸும் குவேக்கர்தான். இன்று நாம் மூச்சுத் திணறும் இந்தப் புகையின் தொடக்கத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

நெய்தல்:
அந்தப் புகை பூமியைச் சூடாக்கும் என்று டார்பிக்கு எப்படித் தெரியும்? அறியாமல் செய்ததற்காக அவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

கரிசல்காடு:
டார்பியை விடுங்கள். என் கவலை அவர்கள் முடிவெடுக்கும் முறையைப் பற்றியது. வாக்கெடுப்பு கிடையாது, கூட்டம் ஒருமனப்படும்வரை காத்திருப்பார்கள். அடிமை முறைக்கு எதிரான குவேக்கர்களின் மனு அமெரிக்காவின் ஜெர்மன்டவுனில் 1688இல் எழுந்தது. அடிமை வைத்திருப்பவர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்று பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தீர்மானித்தது 1776இல். இடையில் 88 ஆண்டுகள்! உல்மன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் மன்றாடியும் இவ்வளவு காலம் பிடித்தது. உருகும் பனி அவ்வளவு காலம் பொறுக்குமா?

பொருநை:
இருவருக்கும் வணக்கம். காத்திருப்பது மட்டுமே அவர்கள் வழி அல்ல. 1971இல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா நடத்தவிருந்த அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து கனடாவின் வான்கூவரிலிருந்து படகு அனுப்பிய குழுதான் பின்னாளில் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு ஆனது. அதைத் தொடங்கியவர்களில் இர்விங், டோரதி ஸ்டோ தம்பதியர் குவேக்கர்கள். அநீதி நடக்கும் இடத்துக்கே போய்ச் சாட்சியாக நிற்பது குவேக்கர் மரபு. பிலடெல்பியாவில் 2010இல் தொடங்கிய குவேக்கர் குழு ஒன்று, மலையுச்சிகளைத் தகர்த்து நிலக்கரி எடுக்கும் நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த பிஎன்சி என்ற அமெரிக்க வங்கியின் கிளைகளுக்குள்ளேயே அமர்ந்து மௌன வழிபாடு நடத்தியது. 2015இல் வங்கி அந்தக் கடன் கொள்கையை மாற்றியது. ஐந்தே ஆண்டுகள்.

கரிசல்காடு:
அந்த வெற்றியை மனமார ஏற்கிறேன், பொருநை. ஆனால் அது ஒரு சிறு குழுவின் துணிவு. உலகிலேயே அதிகமான குவேக்கர்கள் வாழ்வது கென்யாவில். 2012இல் அங்குள்ள கபராக்கில் கூடிய உலக மாநாடு அமைதிக்கும் சூழல் நீதிக்கும் அறைகூவல் விடுத்தது. மழையை நம்பிப் பயிர் செய்யும் மக்களுக்கு அறைகூவல் போதாது. நிலக்கரியாலும் ரயிலாலும் செல்வம் சேர்த்த நாட்டின் கூட்டங்கள் முதலீட்டைத் திரும்பப் பெற்றதோடு நிற்காமல், அந்த விவசாயிகளின் இழப்பில் பங்கேற்க வேண்டும். அதற்கும் ஒருமனம் வரும்வரை காத்திருக்கச் சொல்வீர்களா?